அழைப்பு மணியில் கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கேமரா வைத்த அழைப்பு மணியை இப்போது பார்க்க முடிகிறது. வாங்கலாமா என்றால், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, மீட்டர் பார்க்க வந்ததாக யார் சொன்னாலும் கதவைத் திறந்துவிடுவார். இந்த மணியை மாட்டியபின், வாசலில் நிற்பவரின் முகத்தைப் போனில் பார்த்து, "யாருப்பா, எங்கேருந்து வாரீய?" என்று உள்ளே இருந்தபடியே கேட்கிறார். அந்தத் தைரியத்துக்கே காசு தகும்.

ஆனால் அது வாசலை மட்டும்தான் பார்க்கும். புறவாசல் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கரண்ட் போய் வைஃபை நின்றால் போனுக்குத் தகவல் வராது; ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பது அவசியம். பதிவுகளைச் சேமிக்கச் சில கம்பெனிகள் மாதச் சந்தா கேட்கின்றன. மெமரி கார்டு போட முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், திருநெல்வேலி டவுன் பக்கத்துக் குறுகலான சந்துகளில் கேமரா எதிர்வீட்டு நடைவரை பதிவு செய்கிறது. காலையில் கோலம் போட வரும் பெண்களின் படம் அடுத்தவர் போனில் ஏன் இருக்க வேண்டும்? மாட்டும்போதே கோணத்தைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

வெளியூர் போகும்போது, பூட்டிய வீடு பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை மணி வாங்கியவர்களும் விட்டுவிட வேண்டாம்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை