வாயு இல்லை, பாலு

கடலூர்,
தை 12

அன்புள்ள பாலு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சோம்பல் காரணம் இல்லை. மூன்று மாதமாக உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லாமல் சும்மா நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. ஐப்பசி மழையில் எனக்கு மாரடைப்பு வந்து போனது. இப்போது நன்றாக இருக்கிறேன். பதறிப்போய் ரயிலேறிவிடாதே, மேலே படி.

அன்றைக்கு விடியற்காலை நாலு மணி இருக்கும். நெஞ்சுக்கு நடுவில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஒரு பாரம். வலி என்று சொல்ல முடியாது, அழுத்தம். கொஞ்ச நேரத்தில் அது தாடைக்கு ஏறிப் பல்வலி மாதிரி தெரிந்தது. முந்தின ராத்திரி பரோட்டா சாப்பிட்டிருந்தேன். அப்புறம் என்ன, வாயு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். செல்வி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள், முதுகில் தைலம் தேய்த்தாள். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வெளியே அடைமழை, உள்ளே எனக்குப் பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்வை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். தானே புயல் அன்று இரவு ஓடு பறந்தபோதுகூட செல்வி அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவளிடம், "ஒண்ணுமில்ல, ஒரு சோடா இருந்தா சரியாப் போயிடும்" என்றேன்.

ஏழு மணிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நடந்தே போனேன். அங்கே ஈசிஜி எடுக்காமல் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்ததும் "கேஸ் டிரபிள் சார்" என்று ஆரம்பித்தவன் நான்தான். கடைசியில் போனில் கேட்டுவிட்டுக் கத்தியது மருமகள். சேலத்தில் நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். "மாமா, ஓர் அடி நடக்கக் கூடாது. உட்காருங்க. அத்தை, 108-க்குப் போன் போடுங்க" என்றாள். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தபோது மணி எட்டரை. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் பார்த்து, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில் ஒரு ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் குட்டிக் கம்பிவலை, வைத்தார்கள்.

நான் தொலைத்தது நாலரை மணி நேரம். அதற்கு விலை உண்டு. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் இடது அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ ஸ்கேனில் ஒரு கணக்கு சொல்கிறார்கள். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 42. செத்த தசை திரும்ப முளைக்காதாம். வந்த உடனே போயிருந்தால் இவ்வளவு செத்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெருங்காயத் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

குடிநீர்க் குழாயோடு 31 வருடம் மாரடித்தவன் அல்லவா, டாக்டரிடம் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்: "உப்புத்தண்ணி பைப்புல காரை பிடிக்கிற மாதிரிதானே சார்?" அவர் சிரித்துவிட்டு இல்லை என்றார். கொழுப்பு குழாய்க்குள் ஒட்டுவதில்லையாம், சுவருக்குள்ளேயே புகுந்து திட்டாக உட்காருகிறது. அதன் மேல் மெல்லிய ஒரு மூடி. புகையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தச் சுவரைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் பரு உடைகிற மாதிரி மூடி கிழிகிறது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்து ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்தக் கட்டிதான் நிமிடக் கணக்கில் குழாயை அடைக்கிறது. இதில் பயங்கரம் என்னவென்றால், பாதிகூட அடைக்காத திட்டும் இப்படிக் கிழியுமாம். அதனால்தான் போன சித்திரையில் எடுத்த என் ஈசிஜி சுத்தமாக இருந்தது. நானும் அந்தக் காகிதத்தைப் பட்டா மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

சரி, இப்போது உன் விஷயம். "சுகர் பார்டரில் இருக்கிறது, மூன்று மாத சராசரி 6.8" என்று எழுதியிருக்கிறாய். பாலு, 5.7-லிருந்து 6.4 வரைதான் பார்டர். 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. நீ பார்டரைத் தாண்டி அந்தப்பக்கம் குடித்தனம் நடத்துகிறாய். இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மந்தமாகி, நெஞ்சு வலிக்காமலேயே அட்டாக் வரலாம். வெறும் மூச்சிரைப்பு, அசதி, குமட்டல் என்று போய்விடும். பெண்களுக்கும் பல சமயம் இப்படித்தான், அண்ணியிடமும் சொல்லி வை.

அப்புறம் அந்த "நாலே நாலு சிகரெட்". தினமும் ஒன்றே ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவனுக்கு இதயத்தில் வரும் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறதாம். இருபதில் ஒரு பங்குதானே என்கிற நம் கணக்கு இதில் செல்லாது. விட்டால் லாபம் சீக்கிரம் தெரியும், ஒரு வருடத்திலேயே அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாக இறங்கிவிடும். டெய்லர் டேப் எடுத்து வயிற்றையும் அளந்து எழுது. நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை என்று உன்னைக் கல்லூரியிலேயே கேலி செய்தோம். அந்த வாகுதான் ஆபத்தான வாகு என்று யாருக்குத் தெரியும்?

நீ கேட்ட முதுநகர் கருவாட்டை இந்தத் தடவை அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டுமாம். நாலு துண்டு நெத்திலிக் கருவாடும் ஓர் ஊறுகாயும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? மீனுக்குத் தடை இல்லை, குழம்பாக வைத்தால் நல்லதே என்கிறார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு நாள் கவலையைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். மீனைச் சொல்கிறேன். மற்ற கவலைக்குப் பஞ்சமே இல்லை.

மாத்திரை காலையில் நாலு, ராத்திரி இரண்டு. ரத்தத்தை இளக்கி வைக்கும் இரண்டு மாத்திரையை ஒரு வருடத்துக்கு ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறையலாம். அழுத்தத்துக்குக் கொடுத்த ஒன்று வறட்டு இருமலைக் கொண்டுவந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு 148 இருந்தது. 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அட்டோர்வாஸ்டாடின் போட்டிருக்கிறார்கள், இப்போது 66. எதிர் வீட்டுக்காரர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டு சாப்பிடச் சொல்கிறார். பூண்டை ரசத்தில் போட்டுக்கொள்கிறேன், மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன்.

காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அரை மணி நேரம் நடை. முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து முக்கு வரைதான். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், அதுதான் அளவு என்றார்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்: முதல் ஒரு மாதம் காரணமில்லாமல் அழுதேன். பால்காரர் "எப்படி சார் இருக்கீங்க" என்று கேட்டதற்கெல்லாம் அழுதேன். இது நிறையப் பேருக்கு வருகிறதாம், டாக்டரிடம் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

அந்த நாட்களில் நடக்கும்போதுதான் உன் அப்பா நினைவு வர ஆரம்பித்தது. நாம் இரண்டாம் வருடம் படித்தபோது. முதுநகர் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து "வாயு அடைக்குது, ஒரு சோடா வாங்கிட்டு வாடா" என்றார். கோலியை உடைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தவன் நான். பாதி குடித்தார். அவருக்கு 49 வயது. வாயு அடைத்துப் போய்ச் சேர்ந்தார் என்றுதான் ஊர் சொன்னது, நாமும் இத்தனை வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வாயு இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அது நம் கணக்கில் ஏறும் என்று டாக்டர்கள் முதல் கேள்வியாகவே கேட்கிறார்கள். உன்னிடம் கேட்டபோது நீ "இல்லை" என்று எழுதிக் கொடுத்திருப்பாய்.

உங்கள் கிராமத்திலிருந்து கும்பகோணம் போகவே முக்கால் மணி ஆகும் என்பாய். 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், 'இதயம் காப்போம்' என்று பெயர். உன் வீட்டுக்கு எது பக்கம், ராத்திரியில் திறந்திருக்குமா என்று இப்போதே விசாரித்து வை.

மாசி மகத்துக்கு வா. தீர்த்தவாரி முடிந்ததும் நம் பழைய இடத்தில் உட்காரலாம். வரும்போது கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எடுத்து வா, சிகரெட் பெட்டியை அங்கேயே விட்டுவிடு. அம்மாவுக்கு என் நமஸ்காரம். அவர்கள் மனசு தாங்கும் என்று தோன்றுகிற ஒரு நாளில் மெதுவாகக் கேட்டுப் பார்: அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பாவுக்கு வியர்த்திருந்ததா, தாடையோ இடது கையோ வலிக்கிறது என்று ஏதாவது சொன்னாரா? சோடா வாங்கிக் கொடுத்தவன் கேட்கிறான் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சேகர்