என் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்

இளையோர் நாவல்களைப் பதிப்பிக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் புத்தகங்களை வெளிவருவதற்கு முன்பே பெற்றுப் படித்து, மதிப்புரை எழுதி, பிடித்தவற்றை இன்னொரு பிரதி காசு கொடுத்து வாங்கி, அலமாரி நிறைந்து தரையிலும் அடுக்கி வைத்திருக்கும் வாசகி நான். பள்ளிப் படிப்பை முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. "இந்த வயதிலும் இதையா படிக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமையும் எப்போதோ போய்விட்டது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்து இந்தப் புத்தகங்களைப் போடாதீர்கள்.

2012இல் பௌக்கர் என்ற நிறுவனம் அமெரிக்கப் புத்தகச் சந்தையைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 12 முதல் 17 வயதினருக்கு என்று போடப்படும் புத்தகங்களை வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பிள்ளைகளுக்காக வாங்கவில்லை, தாங்களே படிக்கத்தான் வாங்கினார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததே! ஆனால் நீங்களும் அதைப் படித்தீர்கள். அங்கேதான் வினை.

இந்த வகை எழுத்தின் மேல் எனக்கு ஏன் இத்தனை பிரியம் என்று சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான நாவலில் இளமை பெரும்பாலும் நினைவாகவே வரும். கதைசொல்லி தலை நரைத்த பிறகு திரும்பிப் பார்த்து, "அப்போது எனக்கு என்ன தெரியும்" என்று பெருமூச்சு விடுவார். இளையோர் நாவலில் அந்தப் பெருமூச்சுக்கு இடம் கிடையாது. 14 வயதில் உயிர்த்தோழி பேச்சை நிறுத்திவிட்டால், அன்று மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் உலகத்தின் ஒரே பிரச்சினை. இதெல்லாம் கடந்து போகும் என்று ஆறுதல் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. எழுதியவருக்கு அது கடந்து போகும் என்று தெரியும். தெரிந்தும் வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காமல் இருக்கத் தெரிந்தவர்தான் இந்த வகையில் தேர்ந்த எழுத்தாளர் என்பது என் எண்ணம். முதல் பொய், முதல் துரோகம், தன் பெற்றோரும் சாதாரண மனிதர்கள்தான் என்று முதன்முதலில் தெரியும் கணம், எல்லாமே அங்கே சூடாக இருக்கின்றன.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கதாநாயகிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. 17, 18; சில நாவல்களில் 19கூட. வயது ஏட்டில்தான் 17. பேச்சில் வக்கீல் தோற்றுவிடுவார். வந்து விழும் கிண்டல்கள் எல்லாம் வேலைக்குப் போய்க் களைத்தவர்களின் கிண்டல்கள். அவள் அறையில் ஒலிப்பதோ அவள் பிறப்பதற்கு முன்பு வந்த பாட்டு, அதுவும் ஒலிநாடாவில்! அது யாருடைய இளமை என்று எனக்கா தெரியாது? என்னுடையது. படிக்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் 13 வயதுக்காரர் அந்தப் பக்கத்தில் என்ன செய்வார்?

சிறுவர் கதைகளின் நாயகர்கள் 12 வயதோடு நின்றுவிடுகிறார்கள். இளையோர் நாவல் 16இல் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் வயதுகள் எங்கே போயின? நூலகத்தில் இளையோர் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஒரு சிறுமி தடித்த புத்தகம் ஒன்றை உருவுகிறாள். பின்னட்டையைப் படிக்கிறாள். கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கிறாள். நடுவில் பிரித்து நாலு வரி படித்து, சட்டென்று மூடி, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். பக்கத்துச் சிறுவர் அலமாரிக்கு அவள் போகவில்லை. அது குழந்தைகளுடையது ஆயிற்றே. வெறுங்கையோடு வெளியேறினாள்.

பிள்ளைகள் தங்களைவிட இரண்டு வயது மூத்தவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள் என்பது உங்கள் வழக்கமான பதில். உண்மைதான். 13 வயதுக்காரருக்கு 15 வயது நாயகன் வேண்டும். அவன் உங்கள் பட்டியலில் எங்கே?

உங்கள் துறையின் வரலாறே எனக்குச் சாட்சி. இளையோர் நாவலின் தொடக்கம் என்று பலரும் சுட்டும் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தது. எஸ். இ. ஹின்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது. அச்சில் வந்தபோது 18. தன் வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்ற எரிச்சலில் பிறந்த நாவல். அதன் கதைசொல்லிக்கு 14 வயது. இன்று அது ஒரு கைப்பிரதியாக உங்கள் மேசைக்கு வந்தால், "வயதை 17 ஆக்க முடியுமா?" என்று கேட்கமாட்டீர்களா? அந்த நாவலைத் திரைப்படமாக எடுக்கச் சொல்லி இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு 1980இல் கடிதம் எழுதியவர்களும் மதிப்புரையாளர்கள் அல்லர். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் இருந்த ஒரு பள்ளியின் மாணவர்களும் நூலகரும். 1983இல் படம் வந்தது. கேட்கத் தெரிந்த பிள்ளைகள்தான், கேட்பாருக்குத்தான் பஞ்சம்.

தொடர் நாவல்களை இரண்டாம் பாகத்தோடு கைவிடுவது பற்றியும் நடுவில் அட்டை வடிவமைப்பை மாற்றுவது பற்றியும் தனியாக ஒரு மடல் எழுதும் அளவுக்குக் கோபம் இருக்கிறது. அது இன்னொரு நாள்.

இப்போது கேட்பது இவ்வளவுதான். எங்களுக்கு அனுப்பும் முன்பிரதிகளில் பாதியைப் பள்ளி நூலகங்களின் வாசிப்புக் குழுக்களுக்கு அனுப்புங்கள். 14, 15 வயது நாயகர்களோடு வரும் கைப்பிரதிகளை வயதைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளைகள் எழுதித் தரும் கருத்து என்னுடையதைப் போல மூன்று பக்கம் ஓடாது. "பாதியில் சலிப்பு, நாய் வரும் இடம் நன்று" என்று முடிந்துவிடலாம். அதைப் பின்னட்டையில் அப்படியே அச்சிடுங்கள். என் பிரதியைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் 55 சதவீதத்தில் ஒருத்தி