சாம் போவியின் கால் எலும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் புதிய வீரர்களை வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே, கூடைப்பந்து வரலாற்றின் மோசமான தேர்வுகள் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். அதே மாதத்தில்தான் இங்கே நீலகிரியில் பள்ளிகள் திறந்து, அணித் தேர்வுப் பேச்சும் தொடங்குகிறது. மலையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறவர்கள் என்ற முறையில், இரண்டையும் சேர்த்துப் பார்த்து இதை எழுதுகிறோம்.

முதலில், பட்டியலிலிருந்து நீக்க வேண்டிய ஒரு பெயர்: கிரெக் ஓடன். 2007இல் போர்ட்லாண்ட் அணி இவரை முதலாவதாக எடுத்தது. அடுத்த இடத்தில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுராண்ட் சியாட்டிலுக்குப் போனார். ஓடனின் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததோ அந்தச் செப்டம்பரில், தேர்வெல்லாம் முடிந்த பிறகு. என்.பி.ஏ.வில் அவர் மொத்தம் ஆடியது 105 ஆட்டங்கள். அது துரதிர்ஷ்டம். கையில் இருந்த தகவலைப் பார்க்காமல் விட்டால்தான் அதைத் தவறு என்போம்.

அந்தக் கணக்கில் 1984தான் மிகப் பெரியது. அகீம் ஒலாஜுவானை ஹூஸ்டன் எடுத்துவிட, இரண்டாம் இடத்திலிருந்த போர்ட்லாண்ட் 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டான் சிகாகோவுக்குப் போனார். ஜோர்டான் ஆடும் இடத்துக்கு கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருக்கிறார், நமக்கு வளையத்தருகே ஆடும் உயரமான வீரர், அதாவது சென்டர்தான் வேண்டும் என்பது போர்ட்லாண்டின் நியாயம். அந்த நியாயத்தையாவது ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இடது கால் முன்னெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவால் (தொடர்ந்து அழுத்தம் விழுந்து எலும்பில் உண்டாகும் விரிசல்) போவி கல்லூரியில் இரண்டு முழுப் பருவங்கள் ஆடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அணியின் மருத்துவச் சோதனையில் காலைத் தட்டிப் பார்த்தபோது வலித்தும், வலிக்கவில்லை என்று சொன்னதாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். போர்ட்லாண்டுக்காக அவர் ஆடியது 139 ஆட்டங்கள்தான். கால் எலும்பு திரும்பத் திரும்ப முறிந்தது.

2003இல் டெட்ராய்ட் செய்தது வேறு வகை. 18 வயது டார்கோ மிலிசிச்சை, உயரத்தையும் வளரப்போகிற திறமையையும் நம்பி இரண்டாவதாக எடுத்தார்கள். அடுத்த மூன்று பெயர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்கள் வென்றிருந்த வலுவான அணி அது. கற்றுக்கொள்ள வேண்டிய பையனுக்குக் களத்தில் நேரமே கிடைக்கவில்லை. அவரை எடுத்ததைவிட, எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்ததுதான் எங்களுக்கு வருத்தம். மினசோட்டா 2009இல் ஐந்தாவதும் ஆறாவதும் ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்று இரண்டு பாயிண்ட் கார்டுகளை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்கள்) அடுத்தடுத்து எடுத்தது. ஏழாவதாக, பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஸ்டீபன் கர்ரி கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ஒல்லியான உடம்பு என்று கர்ரியைத் தயங்கியவர்கள் பலர்.

நிக்கோலா யோகிச்சின் கதை இவர்கள் எல்லோருக்கும் பதில். 2014இல் 41ஆம் இடத்தில்தான் அவரை எடுத்தார்கள். எடுத்த டென்வர் அணியே அன்றிரவு அவருக்கு முன்பாக யூசுஃப் நூர்கிச் என்ற இன்னொரு சென்டரைத் தன் பக்கம் வாங்கியிருந்தது. வேகமாக ஓடவோ உயரத் துள்ளவோ தெரியாதவர் என்று நினைத்த அந்த யோகிச்தான் பிறகு மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். அவருடைய பாஸை அளக்க எந்த டேப்பும் இல்லை.

நம் ஊர்த் தேர்வுகளில் அந்த டேப்தான் முதலில் வருகிறது. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் உயரமாக நிற்பவன் பல சமயம் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். 17 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். உயரத்தை அளந்தால் போதாது. சுவரோரம் நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொல்லி, விரல் நுனி எட்டும் உயரத்தையும் குறிக்க வேண்டும். வளையம் 3.05 மீட்டரில் இருக்கிறது. அதை நோக்கிப் போவது தலையல்ல, கை.

கூடலூர், பந்தலூர் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கூடலூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தேர்வுக்கு வர வேண்டிய ஊட்டி 2,240 மீட்டரில். விடியற்காலையில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரட்ட வந்து இறங்கியவனை உடனே ஓடவிட்டால் மூச்சு வாங்கத்தான் செய்யும். அதை ஸ்டாமினா இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். நீண்ட ஓட்டத்தைக் கடைசியில் வையுங்கள். மழையில் நனைந்த சிமெண்ட் கோர்ட்டில் டிரிப்ளிங் (பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது), லே-அப் (ஓடிவந்து வளையத்தருகே பந்தைப் போடுவது) பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. பந்தும் வழுக்கும், ஷூவும் வழுக்கும், பயத்தில் கால் நிதானமாகத்தான் போகும்.

வரிசையில் நிற்கவைத்து ஷூட் செய்யச் சொல்வதைக் குறைத்து, நான்கு பேருக்கு நான்கு பேர், எட்டு நிமிட ஆட்டங்கள் வையுங்கள். ஒவ்வொருவரும் மூன்று வெவ்வேறு கூட்டாளிகளோடு ஆட வேண்டும். பார்ப்பவர்களில் ஒருவர், பந்து கையில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறான் என்பதை மட்டும் குறிக்கட்டும்: தடுத்துத் திரும்பினானா, வெற்றிடம் பார்த்து ஓடினானா, பாஸ் சரியான நேரத்தில் போனதா.

போவியின் கால் இங்கேதான் நினைவுக்கு வருகிறது. அணியில் இடம் போய்விடுமே என்று நம் பிள்ளைகளும் வலியை மறைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய்ப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை, எலும்பு உறை சார்ந்த நோவு. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்து, ஒற்றைக் காலில் குதிக்கும்போதும் வலித்தால் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அழுத்த முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்று மறுநாளே களத்தில் இறக்கிவிடாதீர்கள். வலியைச் சொன்ன பிள்ளைக்கு, குணமானதும் மறுதேர்வு உண்டு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். அப்போதுதான் சொல்வார்கள்.

இந்த ஆண்டுத் தேர்வை ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாளாக, ஒரு நாள் கூடலூர்ப் பக்கமும் ஒரு நாள் மேலேயும் வைக்க வேண்டும் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.