மூலப் பக்கம் மாறினால் தமிழ்ப் பக்கமும் மாற வேண்டும்

பெறுநர்: இணையதள உள்ளடக்கப் பொறுப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: துறையின் பன்மொழி இணையதளத்தில் மொழிபெயர்ப்புப் பக்கங்களை மூலப் பக்கத்தோடு சேர்த்துப் புதுப்பிக்கக் கோருதல்

ஐயா, வணக்கம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அத்தை ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். தமிழ்ப் பக்கத்தை வரிவரியாகப் படித்து, அதில் கேட்டிருந்த ஆவணங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து அனுப்பினார். ‘ஆவணம் குறைவு’ என்று திரும்பி வந்தது. எந்த ஆவணம் என்று தேடியபோதுதான் தெரிந்தது, ஆங்கிலப் பக்கத்தில் புதிதாக ஒரு உறுதிமொழிப் படிவத்தைச் சேர்த்திருக்கிறார்கள், தமிழ்ப் பக்கத்தில் பழைய பட்டியலே கிடக்கிறது. மறுபடி அனுப்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அவர் செய்த தப்பு என்ன? தனக்குத் தெரிந்த மொழியில், அரசு எழுதியதை நம்பிப் படித்தார், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் மேலும் குறை இல்லை. அந்தத் தமிழ் நன்றாகவே இருக்கிறது, எழுதிய நாளில் சரியாகவும் இருந்தது. மூலம் மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சில வருடங்களாகப் பல மொழித் தளங்களுக்கு உள்ளடக்கம் ஏற்றும் வேலை பார்ப்பவன் என்பதால் இது எப்படி நடக்கிறது என்று தெரியும்: ஆங்கிலத்தில் ஒரு வரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும், ஆனால் மற்ற மொழிகளின் வாசகம் எப்போதோ ஒரு கோப்பாக வந்து, ஒருமுறை ஒட்டப்பட்டு, அதோடு மறக்கப்பட்டுவிடும். எந்தப் பதிப்பைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள் என்ற குறிப்பு எங்கேயும் இருக்காது. குறிப்பு இல்லாததால் எது பழையது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

என் முதன்மையான கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று தளத்தின் அமைப்பிலேயே பதிவாக வேண்டும், மூலம் மாறிய அந்த நொடியே ‘இது பழையதாகிவிட்டது’ என்று பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டும். இது புதிய தொழில்நுட்பமும் இல்லை. மென்பொருள்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி 1990களிலிருந்தே இதைச் செய்கிறது. மூல வரி மாறிவிட்டால் பழைய மொழிபெயர்ப்பைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்துவிடும், ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வழக்கமாக அதைப் பயன்படுத்தாது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கும் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) இருக்கிறது, அது பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துக்கொண்டு மாறிய பத்தியை மட்டும் மறுபடி கேட்கும். முழுப் பக்கத்தையும் திரும்ப மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பதால் செலவும் குறையும்.

புதிய மொழிபெயர்ப்பு வரும்வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்தை எடுத்துவிடாதீர்கள், ஆங்கிலத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கவும் வேண்டாம். ‘இது இந்தத் தேதி நிலவரம், அதன்பின் இன்ன பகுதி மாறியிருக்கிறது’ என்று மேலேயே இரண்டு வரி தமிழில் போட்டால் போதும். அத்தை அதைப் பார்த்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார். அப்புறம், கடைசித் தேதி, கட்டணம், தொலைபேசி எண் போன்றவற்றை ஒவ்வொரு மொழிப் பக்கத்திலும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் சேமித்து எல்லா மொழிப் பக்கங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்தால் முரண்பாடு வர வழியே இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் வரிகளை ஒரு மனிதர் படிக்காமல் வெளியிடக் கூடாது. ‘விண்ணப்பிக்கலாம்’, ‘விண்ணப்பிக்கக் கூடாது’ இரண்டுக்கும் வினையின் முடிவில்தான் வித்தியாசம்.

மொழி மாற்றும் பொத்தானையும் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே ஏழெட்டுப் பக்கம் தாண்டிப் போய் ‘தமிழ்’ என்று அழுத்தினால் முகப்புக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அதே பக்கத்தின் தமிழ் வடிவம்தான் திறக்க வேண்டும். பக்கத்தின் மொழி எது என்ற குறியீடும் தமிழ்ப் பக்கங்களில் ஆங்கிலம் என்றே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்க்கும், ஒன்றும் புரியாது. இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும், 2008-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 அணுகல் வழிகாட்டுதல்கள் இதை மிக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே கேட்கின்றன.

படிவத்தில் பெயர் எழுதும் கட்டமும் இப்படித்தான். தமிழில் எழுதினால் பாதியில் வெட்டிவிடுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (சேமிப்பு இடத்தின் அலகு) ஆகும், ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும், கி, கோ போன்ற உயிர்மெய்யோ இரண்டு குறி. ‘கோரிக்கை’ என்ற நான்கு எழுத்துச் சொல்லுக்கே 24 பைட். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 30 பைட் ஒதுக்கிய கட்டத்தில் தமிழ்ப் பெயர் எப்படி அடங்கும்? நீளத்தைப் பைட்டில் அளக்காமல் எழுத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மொழிக்கும் பொறுப்பான ஒரு அலுவலரையும் நியமிக்க வேண்டுகிறேன். தவறு கண்டால் தெரிவிக்க, அந்தந்த மொழியிலேயே ஒரு வழி இருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்தோடு நான் ஒப்பிட்டுப் பார்த்து மாறுபாடு கண்ட தமிழ்ப் பக்கங்களின் பட்டியலை இந்த மனுவோடு இணைத்திருக்கிறேன். முதல் வரிசையில் இருப்பது அத்தை படித்த அந்த உதவித்தொகைப் பக்கம். அடுத்த சுற்று விண்ணப்பம் திறப்பதற்கு முன்னால் அதை மட்டுமாவது சரிசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,
தளத்தைத் தமிழில் பயன்படுத்தும் ஒரு குடிமகன்