எல்லா ஊர்ப் பேச்சும் மெஷினுக்குப் புரியணும்

ஆசிரியருக்கு, போன்ல பேசினாலே புகார் பதிவாகுற குரல் சேவை வரப்போகுதுன்னு உங்க பேப்பர்ல படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா யாரோட பேச்சை வெச்சு அதைப் பழக்குறாங்கன்னு செய்தியில இல்ல. வாழைப்பழத்தை தெக்கத்திக்காரங்க வாளப்பளம்பாங்க, சென்னைப் பக்கம் வாயப்பயம்னு வரும், கடைக்காரர் ஒரு நொடி கூட தடுமாற மாட்டார், ஏன்னா மனுஷக் காது ஒவ்வொரு சத்தமா அளந்து பார்க்கிறதில்ல, முன்ன பின்ன வர்ற சொல்லு, பேசுற இடம் எல்லாத்தையும் சேர்த்துதான் புரிஞ்சுக்குது. 1970ல ரிச்சர்ட் வாரன்னு அமெரிக்க ஆய்வாளர் ஒரு வார்த்தையில ஒரு ஒலியை வெட்டிட்டு அங்க இருமல் சத்தத்தை வெச்சு கேக்க வெச்சார், கிட்டத்தட்ட எல்லாருமே எந்த ஒலியும் விட்டுப்போகலன்னுதான் சொன்னாங்க!

மெஷினுக்கு அந்தப் பழக்கத்தை நாமதான் குடுக்கணும். எங்க அம்மா திருநெல்வேலிப் பேச்சு, ஒரு குரல் சேவையில ஊர் பேரை எத்தனை தடவ சொல்லியும் எடுக்கல, கடைசியில பக்கத்து வீட்டுப் பொண்ணு பேசித்தான் பதிவாச்சு. அதனால தொடங்குறதுக்கு முன்னாடி எல்லா மாவட்டத்துலயும் வயசானவங்க, பள்ளிக்கூடம் போகாதவங்க குரலையும் வெச்சு சோதிக்கட்டும், ரெண்டு தடவ புரியலன்னா உடனே ஒரு ஆள் லைன்ல வர்ற மாதிரி ஏற்பாடும் பண்ணட்டும்.