ஹேங்க் ஆரனை வாழ்த்தியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை அவர் நெருங்க நெருங்க, அமெரிக்காவே அவரை வாழ்த்தியது" என்று ஒரு வரி. (ஹோம் ரன் என்பது பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து, எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ஓட்டம்; வெள்ளையரான ரூத்தின் 714 அதுவரை யாரும் தாண்டாத சாதனை.) வாழ்த்தியதாம்! 1973-இல் மட்டும் அவருக்கு 9 லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன. அன்பாக எழுதியவர்கள் நிறையப் பேர், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலைமிரட்டல் விட்டவர்களும் இருந்தார்கள். மெய்க்காவலர் இல்லாமல் அவரால் நடமாட முடியவில்லை. கல்லூரியில் படித்த மகளையும் கடத்துவோம் என்றார்கள். தங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

1974 ஏப்ரல் 8 அன்று அவர் 715-ஐ அடித்தபோது அட்லாண்டா அரங்கம் எழுந்து நின்றது, சரி. பேஸ்பால் ஆணையர் போவி கூன் எங்கே இருந்தார்? மைதானத்துக்கே வரவில்லை.

என் மகள் வீட்டுக்குப் போனபோது அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். அரங்கத்தை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கி, பந்து போய் விழுந்த இடத்துக்கு மட்டும் அடையாளம் வைத்திருந்தார்கள். அங்கே பேச்சுக் கொடுத்த ஒரு கறுப்பினப் பெரியவர் முதலில் சொன்னது ஹோம் ரன்னை அல்ல, அந்த வசைக் கடிதங்களை ஆரன் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததைத்தான்.

அப்புறம், ஆரனைப் "பேஸ்பால் டெண்டுல்கர்" என்றும் எழுதிவிட்டீர்கள். உங்கள் பக்கத்தில் எந்த நாட்டு வீரரும் டெண்டுல்கராகாமல் தப்புவதில்லை. அந்த வரிக்குப் பதிலாக, அவர் மொத்தம் அடித்த 755 ஹோம் ரன்களைக் கழித்தாலும் அவருக்கு 3,016 ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டியவை) மிஞ்சும் என்று எழுதியிருக்கலாம். பாரி பாண்ட்ஸ் 2007-இல் ஹோம் ரன் சாதனையைத் தாண்டினாரே தவிர, ஆரனின் 2,297 ஆர்.பி.ஐ. (அவர் மட்டையால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது.

கறுப்பின ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பற்றிய கட்டுரையையும் இப்படித்தான் 1936 பெர்லின் ஒலிம்பிக் பதக்கங்களோடு முடித்தீர்கள். ஊர் திரும்பியவர் பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடியது ஒரு வரிகூட இல்லை. அப்போதும் எழுதினேன். வெளியிட இடமில்லை போலும். ராசிபலனுக்கு மட்டும் மூன்று பக்கம் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 715-ஆவது ஹோம் ரன் படத்தின் கீழே 1976 என்று அச்சாகியிருக்கிறது. அது அவர் ஓய்வுபெற்ற ஆண்டு. 1974 என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். கடிதத்தைச் சுருக்குவதானால் சுருக்கிக்கொள்ளலாம், ராசிபலன் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி