பிஜன் வேலியில் ஒரு ஞாயிறு: நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரைப் பிஜன் வேலி (Pigeon Valley) காட்டுக்குக் கூட்டிப்போய் வந்தோம். பேசி வைத்திருந்த பஸ் வரவே இல்லை, போனும் எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் நாலு காரும் ஒரு கோம்பியும் (சிறு வேன்) கொண்டுவந்து நிறுத்திய பெற்றோருக்கு முதல் நன்றி. ரொட்டியும் பீன்ஸ் கறியும் கட்டித் தந்த அக்காமாருக்கு அடுத்தது.

டர்பனின் கிளென்வுட் பகுதி வீடுகளுக்கு நடுவே சுமார் 10 ஹெக்டேர்தான் அந்தக் காடு. பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம் பக்கத்திலேயே இருப்பதால் ஆராய்ச்சிக்கு வருகிறவரும் காற்று வாங்க வருகிறவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள்.

வழிகாட்டிய ஆராய்ச்சி மாணவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஆக்ஸியாந்தஸ் பைரிஃபார்மிஸ் என்ற சிறு மரத்தின் முன் நின்று, ஜூஸ் ஸ்ட்ரா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பூவின் குழாய் இப்படி நீளமாம். அடியில் இருக்கும் தேனை எட்ட, அதே அளவு நாக்குள்ள அந்துப்பூச்சி வேண்டும். டர்பனில் எஞ்சிய காடுகளில் அந்தப் பூச்சி அரிதாகிவிட்டதால், பூ பூத்தும் பெரும்பாலும் காய்ப்பதில்லை. கையால் மகரந்தம் தடவினால் காய்க்கிறது. "அப்போ நாமே தடவிவிடலாமே, அண்ணா?" என்றாள் ஒரு வாண்டு. "எத்தனை பூவுக்கு, தங்கச்சி?" என்று சிரித்தார். வீடு வரும் வரை அவள் அந்த ஸ்ட்ராவைக் கீழே போடவில்லை.

பறவை பார்க்க வந்த பெரியவருக்கும் நன்றி. அவர் உதட்டில் விரல் வைத்ததும் 22 வாயும் மூடின; என் வகுப்பில் இதுவரை நடக்காத அதிசயம்! சருகுக்குள் புள்ளித் தரைப் பூங்குருவி. கிழக்குக் கேப் மாகாணத்திலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிற விருந்தாளி. ஒரு இலையைப் புரட்டும், அசையாமல் நிற்கும், அப்புறம் அடுத்த இலை.

களை பிடுங்கிக்கொண்டிருந்த தன்னார்வலர்களே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டில் எனக்குத் தமிழ்ப் பெயர் சட்டென்று வந்த ஒரே செடி உண்ணிச்செடி. பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள் அதை வேரோடு பிடுங்கி மூட்டையில் போட்டுவிட்டீர்கள். அது இந்த மண்ணுக்கு வந்தேறியாம். சரி, அடுத்த மாதம் கையுறையோடு நாங்களும் வருகிறோம்.

கடைசியாக, கோம்பியில் ஒரு நீல ஸ்வெட்டர் கிடந்தது. யாருடையதோ, வகுப்பில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்